துடிப்பும் இருப்பிடமும்: மின் ஆக்சுவேட்டர்களின் நிலையறிவிப்பு குறித்து

மின்சார லீனியர் ஆக்சுவேட்டர்களின் விவரத்தாள்கள் நிலையறிவிப்பை அனலாக், டிஜிட்டல் என்று இரண்டு கட்டங்களில் அடைத்துவிடுகின்றன. பொட்டென்சியோமீட்டர் முதல் கட்டத்தில், ஹால் உணரி இரண்டாவதில். பின்னதே மேல் என்ற எண்ணம் வாங்குபவர் மனத்தில் தானாகப் படிந்துவிடுகிறது. கோடு தவறான இடத்தில் கிழிக்கப்பட்டிருக்கிறது என்பதே என் வாதம்.

ஒரு கணக்கு. 300 மி.மீ. நீளும் ஆக்சுவேட்டர், திருகுத்தண்டு சுற்றுக்கு 4 மி.மீ. நகர்த்துகிறது, மோட்டாருக்கும் தண்டுக்கும் இடையே 20:1 பல்சக்கரக் குறைப்பு. மோட்டார் அச்சின் ஒரு சுற்றுக்கு ஹால் உணரி 2 துடிப்பு தந்தால் தண்டின் ஒரு சுற்றுக்கு 40, ஆக ஒரு துடிப்புக்கு 0.1 மி.மீ. அதே நீளத்தைப் பொட்டென்சியோமீட்டர் வழியே 10 பிட்டில் படித்தால் 1024 படிகள், படிக்குச் சுமார் 0.29 மி.மீ. தாளில் ஹால் வென்றாயிற்று.

இப்போது ஓட்டத்தின் நடுவே கரண்ட் போகிறது. கண்ட்ரோலர் உடனே அணைந்துவிட, மோட்டார் மிச்ச வேகத்தில் இன்னும் மூன்று சுற்று ஓடி நிற்பதாகக் கொள்வோம். 6 துடிப்புகளை யாரும் எண்ணவில்லை: 0.6 மி.மீ. பிழை. கடைசி எண்ணைச் சேமித்து வைத்திருந்தாலும் பிழை போகாது. அடுத்த மின்தடை அதன்மேல் இன்னொன்றை ஏற்றலாம். பொட்டென்சியோமீட்டரின் தடம் தேயும், இரைச்சல் தரும், ஆனால் அதன் பிழை இப்படிச் சேர்ந்துகொண்டே போவதில்லை. உயரம் மாற்றும் மேசைகள் பலவற்றில் மின்தடைக்குப் பின் கீழ்ப்பொத்தானை அழுத்திப் பிடித்து அடிமட்டம் வரை இறக்கச் சொல்வது இந்த எண்ணிக்கைப் பிழையால்தான். மேசைக்கு அது போதும். நீர் ஓடும் குழாயின் வால்வை, கணக்குச் சரிபார்க்க ஒருமுறை முழுக்க மூடித் திற என்று சொல்ல முடியுமா?

இன்னொரு குறை அதிகம் பேசப்படுவதில்லை. ஹால் கம்பி அறுந்தாலும் துடிப்பு வராது, தண்டு அசையாமல் நின்றாலும் துடிப்பு வராது. மோட்டாரை ஓட்டிப் பார்க்கும்வரை இரண்டு மௌனமும் ஒன்றே. 4–20 மில்லி ஆம்பியர் சுற்று முழு அனலாக். ஆனால் அங்கே பூஜ்ய நிலைக்கே 4 ஓட வேண்டும், ஆகவே 0 வந்தால் கம்பி அறுந்தது என்று தெரியும். கனரக வாகனங்களில் கேன் பஸ் மீது இயங்கும் ஜே1939, ஒரு பைட் மதிப்பில் 254ஐப் பிழைக்கும் 255ஐத் ‘தகவல் இல்லை’ என்பதற்கும் ஒதுக்கியிருக்கிறது. தன் அறியாமையைச் சொல்ல இடம் வைத்திருப்பதில் இவை இரண்டும் ஒரே கட்சி. டிஜிட்டல் என்று பெயர் வாங்கிய வெறும் துடிப்பு எதிர்க்கட்சி.

மின்தடைக்குப் பின்னும் நிலையை மறக்காத முழுநிலை என்கோடர் வந்தால் சிக்கல் தீர்ந்தது என்பார்கள். நினைவுச் சிக்கல் தீரும், உண்மைதான். ஆனால் அதையும் மோட்டார் அச்சிலேயே பொருத்தினால் பல்சக்கரத் தளர்வு அதன் கண்ணில் படாது. தண்டின் நட்டு தேய்ந்து 0.5 மி.மீ. ஆடும்போதும் அது பிசகாமல் மோட்டாரின் கோணத்தையே சொல்லிக்கொண்டிருக்கும்.