இசைத்தட்டும் அதைச் சுழற்றும் இயந்திரமும் – ஒரு சிறு வரலாறு

பதிவு கொஞ்சம் நீளம்தான். நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். "சார், அப்பா சேர்த்து வச்ச ரிக்கார்டு இருநூறுக்கு மேல பரண்ல இருந்து எடுத்திருக்கேன். வீட்ல இப்ப இருக்கிறது சூட்கேஸ் மாதிரி ஒரு சின்ன பிளேயர். நல்ல உயர்ரக டர்ன்டேபிளா வாங்கலாம்னு இருக்கேன். ரெண்டு லட்சம் வரைக்கும் போடலாம். அவ்வளவு போடறது நியாயமா சார்?" என்று கேட்டார். நான் ஆடியோ வியாபாரி அல்ல. எட்டாம் வகுப்பு வரை எல்லாப் பாடமும் நடத்திய இடைநிலை ஆசிரியன். ஆனாலும் இசைத்தட்டு மேல் எனக்குள்ள பைத்தியம் உங்களில் பலருக்குத் தெரியும். அவருக்குப் போனில் சொன்னது பாதி. மீதியையும் சேர்த்து எல்லோருக்கும் எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. ஒரு எல்.பி. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றும். ஒரு பக்கம் 22 நிமிடம் என்றால் சுமார் 733 சுற்று. வெளிச்சுற்று பெரிது, உள்சுற்று சிறிது. சராசரியாக ஒரு சுற்றின் நீளம் 65 சென்டிமீட்டர். பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ 475 மீட்டர் வரும். அரை கிலோமீட்டர் நீளமுள்ள ஒரே கோட்டில் ஓர் ஊசி நடந்து போகிறது. அந்தக் கோட்டின் அகலமோ ஒரு தலைமுடி அளவுதான். அதன் இரு சுவர்களிலும் உள்ள நெளிவுகள்தான் பாட்டு. ஊசி அந்த நெளிவை மட்டும் உணர வேண்டும். மோட்டாரின் அதிர்வு, மேசையின் ஆட்டம், அடுத்த அறையில் கதவு சாத்துவது, எதுவும் ஊசிக்குத் தெரியக்கூடாது. டர்ன்டேபிளின் வரலாறு முழுவதும் இந்த ஒரு பிரச்சினையைச் சுற்றித்தான் நடக்கிறது. நல்ல இயந்திரம் பாட்டில் எதையும் கூட்டுவதில்லை. தன் சத்தத்தை அடக்கிக்கொண்டு ஒதுங்கி நிற்கிறது, அவ்வளவுதான்.

எடிசன் 1877இல் செய்த போனோகிராப் தகரத்தாள் சுற்றிய உருளை. தட்டையான தட்டு எமில் பெர்லினருடையது. 1887இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அவருடைய முதல் இயந்திரங்களைக் கையால் சுற்ற வேண்டும். கை சுற்றினால் வேகம் ஒரே சீராக இருக்குமா? கை தளர்ந்தால் சுருதி இறங்கும், வேகமானால் ஏறும். அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலம் கேம்டனில் பட்டறை வைத்திருந்த எல்ட்ரிட்ஜ் ஜான்சன் என்பவர் 1896இல் இதற்கு ஒரு நல்ல ஸ்பிரிங் மோட்டார் செய்து கொடுத்தார். சாவி கொடுத்தால் ஓடும். பிறகு 1901இல் விக்டர் கம்பெனியைத் தொடங்கியவர் இவர்தான். சீரான வேகம் என்பதுதான் இந்தத் துறை தீர்த்த முதல் பிரச்சினை.

நம் நாட்டுக்கும் இது சீக்கிரமே வந்துவிட்டது. 1902இல் கிராமபோன் கம்பெனியின் பிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தா வந்து கௌஹர் ஜானைப் பதிவு செய்தார். தட்டு அச்சானது ஜெர்மனியின் ஹானோவரில். பாட்டு முடிந்ததும் அந்த அம்மையார் ஆங்கிலத்தில் தன் பெயரைச் சொல்லி முடிப்பார். அங்கே இருப்பவர்களுக்கு இது யார் தட்டு என்று தெரிய வேண்டுமே. 1908இல் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை வந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 78 வேகத் தட்டுகள் ஷெல்லாக்கால் ஆனவை. ஷெல்லாக் என்றால் வேறொன்றுமில்லை, நம் அரக்குதான். மரத்தில் அரக்குப் பூச்சி உண்டாக்கும் அதே பிசின். அதை உலகத்துக்கு முக்கியமாக அனுப்பியது இந்தியா. லண்டனிலும் நியூயார்க்கிலும் பாடிய தட்டுகளில் நம் காட்டு அரக்கு இருந்தது.

அந்தத் தட்டுகளில் ஏறிய குரல்களை நினைத்துப் பாருங்கள். எஸ்.ஜி.கிட்டப்பா 1933இல் காலமானார். வயது முப்பதைத் தொடவில்லை. பேசும்படத்தில் அவர் நடிக்கவில்லை. அவர் எப்படிப் பாடினார் என்று இன்று நாம் அறிவது அரக்குத் தட்டுகள் இருப்பதால்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1948இல் அமெரிக்காவின் கொலம்பியா கம்பெனி எல்.பி.யைக் கொண்டுவந்தது. அரக்கு போய் வினைல் வந்தது. கோடு மிகவும் மெலிந்தது. பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம் என்பது இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது. சங்கீதக்காரர்களுக்கு இது பெரிய வரம்; ஆனால் இயந்திரம் செய்கிறவர்களுக்குத் தலைவலி. கோடு மெலிந்தால் நெளிவும் சிறிது. முன்பு இரைச்சலில் மறைந்து கிடந்த மோட்டார் அதிர்வு இப்போது 'ஊம்ம்' என்று காதில் விழுந்தது. இதில் ஒரு நுட்பம் உண்டு. தட்டில் பதியும்போது கீழ்ஸ்தாயி ஒலிகளை வேண்டுமென்றே குறைத்துப் பதிகிறார்கள், இல்லையென்றால் கோடு அகலமாகி இடம் போதாது. கேட்கும்போது ஆம்ப்ளிஃபையர் அதை மறுபடி ஏற்றிக்கொடுக்கும். மிகத் தாழ்ந்த ஒலிகளை நடு ஒலிகளைவிடச் சுமார் பத்து மடங்கு ஏற்றும். மோட்டாரின் உறுமல் இருப்பதும் அந்தத் தாழ்ந்த இடத்தில்தான். பாட்டோடு சேர்ந்து உறுமலும் பத்து மடங்கு ஏறிவிடுகிறது!

இதற்கு முதலில் பதில் சொன்னவர்கள் கனத்தை நம்பினார்கள். இங்கிலாந்தின் காரார்டு கம்பெனி ராஜகுடும்பத்து நகைக்கடைக்காரர்கள் தொடங்கியது. முதல் உலகப்போரில் பீரங்கிப் படைக்குத் தூரம் அளக்கும் கருவி செய்யத்தான் 1915இல் ஆரம்பித்தார்கள். போர் முடிந்ததும் கிராமபோன் மோட்டாருக்கு மாறினார்கள். 1950களில் அவர்கள் கொண்டுவந்த '301' பி.பி.சி. நிலையங்களிலும் ஓடியது. மோட்டாருக்கும் தட்டுக்கும் நடுவில் ஒரு ரப்பர் சக்கரம் உரசி ஓடும். மாட்டு வண்டி இழுப்பது போன்ற பலம். சுவிட்ஸர்லாந்தில் இசைப்பெட்டி செய்துகொண்டிருந்த தோரன்ஸ் கம்பெனி 1957இல் 'டி.டி. 124' செய்தது. இரண்டும் இன்றும் பழையது தேடி வாங்கப்படுகின்றன.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தவர் எட்கர் வில்ச்சூர். அமெரிக்கர், நம் தொழில்காரர். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒலிப்பதிவு பற்றி வகுப்பு எடுத்தவர். அவர் 1961இல் வெளியிட்ட ஏ.ஆர். டர்ன்டேபிளில் கனம் இல்லை, பகட்டு இல்லை. தட்டையும் ஊசி இருக்கும் கையையும் ஒரே சட்டத்தில் பொருத்தினார். அந்தச் சட்டத்தை மூன்று ஸ்பிரிங்குகளில் தொங்கவிட்டார். மோட்டாரைத் தனியே வைத்து ஒரு ரப்பர் பெல்ட்டால் மட்டும் இணைத்தார். மேசை ஆடினால் தட்டும் ஊசியும் சேர்ந்தே ஆடும். ஒன்றுக்கு எதிராக மற்றொன்று அசையாது. சுத்தியலால் பெட்டியைத் தட்டினாலும் ஊசி குதிக்காது என்று செய்தே காட்டினார்கள். விலை 100 டாலருக்கும் கீழே. பின்னாளில் இவர் கம்பெனியை விற்றுவிட்டுக் காது கேட்கும் கருவி ஆராய்ச்சியில் இறங்கினார். கண்டுபிடித்ததைக் காப்புரிமை எடுக்காமல் எல்லோருக்கும் விட்டுவிட்டார். நம் உறவில் காதுக்கருவி போட்டிருக்கும் பெரியவர்கள் இவருக்கு ஒரு நன்றி சொல்லலாம்.

(நம் ஊர்க் கல்யாண வீடுகளில் சவுண்ட் சர்வீஸ்காரர் ஊசி குதிக்காமல் இருக்க ஊசிக்கையின் தலையில் ஒரு காசு வைப்பாரே, நினைவிருக்கிறதா? அவரும் அதே பிரச்சினையைத்தான் தீர்த்தார். தட்டுதான் தேய்ந்தது.)

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து ஐவர் டிஃபென்பிரன் அந்த ஸ்பிரிங் வழியை எடுத்துக்கொண்டார். அப்பாவுக்குத் துல்லியமான இயந்திர வேலை செய்யும் பட்டறை இருந்தது. 1970களின் தொடக்கத்தில் அங்கே உருவானதுதான் லின் சோன்டெக் எல்.பி.12. அடிப்படை அமைப்பு வில்ச்சூர் காட்டியது. தட்டின் தண்டு ஒரே புள்ளியில் நின்று சுழலும் பேரிங், கடைசல் வேலையின் நேர்த்தி ஆகியவை பட்டறைக்காரர் வீட்டுப் பிள்ளையின் கைவண்ணம். ஆனால் அவர் செய்த பெரிய காரியம் ஒரு வாதம். அதுவரை எல்லோரும் "ஸ்பீக்கர்தான் முக்கியம், டர்ன்டேபிள் சுற்றினால் போதும்" என்றிருந்தார்கள். இவர் தலைகீழாகச் சொன்னார். ஊசி கோட்டிலிருந்து எடுக்கத் தவறியதை ஆம்ப்ளிஃபையரோ ஸ்பீக்கரோ திரும்பக் கொண்டுவர முடியாது. எனவே காசு முதலில் டர்ன்டேபிளுக்கு. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்!

இந்த இயந்திரத்தை வாங்கியவர்கள் அதை மாற்றவில்லை, மேம்படுத்திக்கொண்டே போனார்கள். 1982இல் மின்சாரத்தைச் சீராக்கும் 'வல்ஹல்லா' பலகை வந்தது, பிறகு 'லிங்கோ', புதிய ஊசிக்கைகள், புதிய சட்டம். ஐம்பது வருடத்துக்கு முந்தைய பெட்டியில் இன்றைய பாகத்தைப் பொருத்தலாம். பழையதைத் தூக்கி எறியச் சொல்லாத இந்த நேர்மையை நான் மதிக்கிறேன். அதே சமயம் ஒவ்வொரு பாகத்தின் விலையும் மயக்கம் வரவழைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2023இல் ஐம்பதாம் ஆண்டுக்கு 250 பெட்டிகள் மட்டும் செய்தார்கள், ஒன்று 50,000 பவுண்டு. அது பாட்டுக் கேட்பவருக்கான விலை என்று எனக்குத் தோன்றவில்லை.

ஜப்பானில் வேறு பாதை. மட்சுஷிடா கம்பெனி பெல்ட்டையும் ரப்பரையும் தூக்கிவிட்டு மோட்டாரின் தண்டிலேயே தட்டை உட்காரவைத்தது, டெக்னிக்ஸ் எஸ்.பி.10 அப்படி வந்தது. 1972இல் வந்த எஸ்.எல்.1200 வீட்டுக்குச் செய்யப்பட்டு டிஸ்கோ மேடைக்குப் போனது.

1982இல் சி.டி. வந்தது. இனி ஊசிக்கு வேலையில்லை என்றார்கள். டெக்னிக்ஸ் 2010இல் எஸ்.எல்.1200 உற்பத்தியை நிறுத்தியது. ஆனால் லின் கம்பெனி 2009இல் நிறுத்துவதாக அறிவித்தது தன் சி.டி. பிளேயர்களை! எல்.பி.12 தொடர்ந்தது. டெக்னிக்ஸும் 2016இல் திரும்பி வந்தது. அமெரிக்காவில் 2022இல் சி.டி.யைவிட வினைல் தட்டுகள் அதிகம் விற்றன, 1987க்குப் பிறகு முதல் முறையாக.

சரி, மாணவர் கேள்விக்கு வருவோம். நான் அவரிடம் திருப்பிக் கேட்டது: "தம்பி, அந்த இருநூறில் 78 எத்தனை, எல்.பி. எத்தனை?" எண்ணிப் பார்த்துச் சொன்னார்: பாதிக்கு மேல் 78. இங்கேதான் வரலாறு கை கொடுக்கிறது. எல்.பி.12இல் 78 வேகமே கிடையாது. கடன் வாங்கி அதை வாங்கினாலும் அப்பாவின் பழைய தட்டுகள் அதில் பாடாது. காரார்டு 301, தோரன்ஸ் 124 இரண்டிலும் 78 உண்டு, அவை பிறந்த காலம் அப்படி. 2016இல் திரும்பி வந்த டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200ஜியிலும் உண்டு. எந்த மாடலாக இருந்தாலும் இதை முதலில் பாருங்கள்.

அடுத்தது ஊசி. 78 தட்டின் கோடு எல்.பி.யினுடையதைப் போல மூன்று நான்கு மடங்கு அகலம். எல்.பி. ஊசியை 78இல் வைத்தால் அது சுவரைத் தொடாமல் அடியில் உள்ள குப்பையில் உருளும், இரைச்சல்தான் மிஞ்சும். 78 ஊசியை எல்.பி.யில் வைத்தால் கோடு பாழ். இரண்டுக்கும் தனித்தனி ஊசி அவசியம்.

சூட்கேஸ் பிளேயரில் எல்.பி.களைப் போட வேண்டாம் என்று கண்டிப்பாகவே சொன்னேன். நல்ல கார்ட்ரிட்ஜ் சுமார் 2 கிராம் அழுத்தத்தில் ஓடும். அந்த மலிவு பெட்டிகளில் பலவும் 5 கிராமுக்கு மேல் அழுத்தும். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் மேல்ஸ்தாயியில் கொஞ்சம் சுரண்டப்படுகிறது. போனது வராது. ஆகவே மேம்படுத்துவது ஆடம்பரம் அல்ல, தட்டுக்குப் பாதுகாப்பு. ஆனால் அதற்கு இரண்டு லட்சம் தேவையில்லை. எடையை அளந்து வைக்கக்கூடிய ஊசிக்கை, மாற்றக்கூடிய கார்ட்ரிட்ஜ், சீரான வேகம், இந்த மூன்றும் உள்ள நடுத்தர டர்ன்டேபிள் போதும். டிஃபென்பிரன் வாதம் சரிதான்; ஆனால் முதல் படிக்கும் நடுப்படிக்கும் உள்ள வித்தியாசம் யாருக்கும் கேட்கும், நடுப்படிக்கும் உச்சிக்கும் உள்ளது காசு கொடுத்தவருக்குத்தான் அதிகம் கேட்கும் என்பது என் எண்ணம்.

கடையில் சோதிக்க நம்மிடம் ஓர் அருமையான கருவி இருக்கிறது: தம்புரா. கர்நாடக சங்கீதத் தட்டு ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். பின்னால் ஓடும் சுருதியை மட்டும் கவனியுங்கள். அது லேசாக ஏறி இறங்கினால் வேகம் சீராக இல்லை என்று அர்த்தம். தட்டின் நடுத்துளை சற்று விலகியிருந்தாலும் அப்படி வரும். எனவே இரண்டு மூன்று தட்டு போட்டுப் பாருங்கள். பழைய 78கள் எல்லாம் சரியாக 78இல் பதிந்தவையும் அல்ல. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருந்தால் பாடகரின் உண்மையான சுருதிக்குக் கொண்டுவரலாம்.

மிச்சமாகும் பணத்தில் தட்டுகளைச் சுத்தம் செய்து, 78களை ஒரு முறை நன்றாகக் கணினியில் பதிந்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். சுத்தம் செய்யும்போது ஒரு எச்சரிக்கை. எல்.பி.க்கு விற்கும் துப்புரவுத் திரவங்கள் பலவற்றில் ஸ்பிரிட் கலந்திருக்கும். தச்சர் மர சாமானுக்குப் பிரெஞ்சு பாலிஷ் போடுவதைப் பார்த்திருப்பீர்கள்; அது ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. 78 தட்டும் அரக்குதான். ஸ்பிரிட் பட்டால் அதுவும் கரையும், பாட்டோடு சேர்த்து. சொட்டு சோப்பு கலந்த தண்ணீரும் மென்மையான துணியும் போதும், நடுவில் ஒட்டிய காகிதம் நனையாமல். காய்ந்த பிறகு செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடியில் உள்ளது உடையும்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஏதாவது கிடந்தால், பழைய பேப்பர்காரருக்குப் போடுமுன் அட்டையையும் லேபிளையும் படமெடுத்து இங்கே கமெண்டில் போடுங்கள். என்ன தட்டு, எந்த ஊசி வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.