கிராங்க் யாருக்குச் சொந்தம்?

தையற்காரர் மிதிபலகையை மிதிக்கிறார். பலகை மேலும் கீழுமாக அசைகிறது. சக்கரமோ வட்டமாகச் சுழல்கிறது. இந்த மாற்றத்தைச் செய்யும் சிறு வளைவுதான் கிராங்க். இதை முதலில் கண்டுபிடித்தவர் யார் என்று எவராலும் சொல்ல முடியாது. அவ்வளவு பழைய சாதனம் இது. ஆயினும், நீராவி எஞ்சினில் இதைப் பயன்படுத்த ஒருவர் காப்புரிமை பெற்றார். உலகப்புகழ் பெற்ற ஜேம்ஸ் வாட்டே அதைத் தொட முடியாமல் தவித்தார் என்றால் நம்புவீர்களா?

கதையைச் சற்று முன்னாலிருந்து பார்ப்போம். பழைய நியூகோமன் எஞ்சினில் உருளையைச் சூடாக்குவதும், அதனுள்ளேயே தண்ணீர் தெளித்துக் குளிர்விப்பதும் மாறி மாறி நடக்கும். நிலக்கரி ஏராளமாக வீணாயிற்று. நீராவியைத் தனியொரு கலத்தில் குளிரவைத்தால் உருளை எப்போதும் சூடாகவே இருக்கும் என்று கண்டார் வாட். 1769ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமையும் பெற்றார். 1775இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் அதை 1800 வரை நீட்டித்துக் கொடுத்தது.

அந்த எஞ்சின் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்க நன்றாக உதவிற்று. ஆனால் ஆலைகளுக்கு வேண்டியது சுழற்சி. கிராங்க் ஒன்றைப் பூட்டினால் போதும்! வாட் யோசித்துக்கொண்டிருந்தபோதே, 1780இல் பர்மிங்ஹாமைச் சேர்ந்த பொத்தான் உற்பத்தியாளர் ஜேம்ஸ் பிக்கார்டு முந்திக்கொண்டார். தம் பணியாள் ஒருவரின் வாய்வழியே இரகசியம் கசிந்துவிட்டது என்று வாட் சந்தேகித்தார்.

"ஊரறிந்த கிராங்குக்கு உரிமையா?" என்று நீதிமன்றம் போயிருக்கலாமே என்பீர்கள். போகவில்லை. பிறர் காப்புரிமையைக் கிளறினால் தம்முடைய காப்புரிமையும் கிளறப்படும் என்ற அச்சமே காரணம் என்பர் வரலாற்றாசிரியர். கண்ணாடி வீட்டிலிருந்து கல்லெறிய முடியுமா? வாட்டின் 1769 விண்ணப்ப விளக்கத்தில் எஞ்சினின் படம்கூடக் கிடையாது!

எனவே வாட் சுற்றுவழி தேடினார். 1781இல் கிராங்க் இல்லாமலே சுழற்சி பெற ஐந்து முறைகளுக்குக் காப்புரிமை வாங்கினார். அவற்றுள் ஒன்று 'சூரியன்-கோள்' பல்சக்கரம். எஞ்சினின் தண்டு நுனியில் ஒரு பல்சக்கரம் அசையாமல் பொருத்தப்பட்டிருக்கும். அது, அச்சிலுள்ள மற்றொரு பல்சக்கரத்தைக் கோள்போல் வலம் வரும். இரண்டும் ஒரே அளவானால், கோள் ஒருமுறை வலம் வருவதற்குள் 'சூரியன்' இரண்டு முறை சுழன்றுவிடும். கிராங்கிலோ ஒரு சுற்றுத்தான். தடையே இரட்டிப்பு வேகத்தைத் தந்தது!

இதுவரை வாட்டின்மேல் இரக்கம் கொண்டீர்கள் அல்லவா? நாணயத்தின் மறுபக்கத்தையும் பாருங்கள். ஜொனாதன் ஹார்ன்புளோயர் என்பவர் 1781இல் இரண்டு உருளைகள் கொண்ட எஞ்சினுக்குக் காப்புரிமை பெற்றார். நீராவி ஒன்றில் வேலை செய்தபின் மற்றதிலும் வேலை செய்யும். அருமையான கருத்து, ஆனால் அதிலும் தம்முடைய தனிக் குளிர்கலம் இருக்கிறது என்று வாட் மறித்தார். வேறொருவர்மீது வாட் தொடுத்த வழக்கில், 1795இல் நான்கு நீதிபதிகள் இருவர் இருவராகப் பிரிந்து நின்றனர். 'வெறும் தத்துவத்துக்கு உரிமை உண்டா?' என்பதே சிக்கல். 1799இல்தான் வாட்டுக்குச் சாதகமாய்த் தீர்ப்பு வந்தது. மறு ஆண்டே அவருடைய காப்புரிமை காலாவதியாயிற்று!

பிக்கார்டின் உரிமை 14 ஆண்டுகள் முடிந்து 1794இல் தீர்ந்தது. கிராங்க் மீண்டும் ஊர்ச்சொத்தாயிற்று. 1802இல் ரிச்சர்டு டிரெவிதிக் உயர் அழுத்த எஞ்சினுக்குக் காப்புரிமை பெற்றார். ரயில் எஞ்சினுக்கு வழி பிறந்தது.

அப்படியானால் காப்புரிமை வேண்டாமா? அவசரப்படாதீர்கள். அந்த நீட்டிப்பு இல்லாவிட்டால் போல்ட்டன் தம் பணத்தை வாட்டை நம்பிப் போட்டிருப்பாரா என்பது சந்தேகமே. காப்புரிமை என்பது ஓர் ஒப்பந்தம்: 'உன் இரகசியத்தை ஊருக்குச் சொல், சில காலம் பலனை நீயே அனுபவி.' இந்தியாவில் இன்று அந்தக் காலம் 20 ஆண்டுகள். வேலி இல்லாவிட்டால் பயிருக்குப் பாதுகாப்பில்லை. அதே வேலி பாதையை மறித்து நின்றால் அடுத்தவன் வயலுக்குத் தண்ணீர் போகாது. வேலியை எங்கே போடுவது, எப்போது எடுப்பது என்பதை ஒவ்வொரு தலைமுறையும் மீண்டும் சிந்தித்தே ஆகவேண்டும்.