பிசிறும் அதன் பாடபேதங்களும்

நம்முடைய சங்கீத ரசிகர்கள் ஒரு பாடகரைப் புகழ்வதானால் 'பிசிறில்லாத சாரீரம்' என்பார்கள். அதற்கு மேல் நற்சான்று வேண்டியதில்லை. அந்தப் பிசிறையே விலை கொடுத்து வாங்கி, உள்ளங்கையில் தூக்கிவிடக்கூடிய ஓர் உலோகப் பெட்டிக்குள் அடைத்து, வேண்டியபோது காலால் மிதித்து எழுப்பவும் வேண்டாதபோது மிதித்து அடக்கவும் கற்ற வித்வான்கள் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் 1960-களில் தோன்றினார்கள் என்பதும், அந்தப் பெட்டிகளில் எது எந்த ஆண்டில், என்னென்ன உறுப்புகளைக் கொண்டு, யாருக்காகச் செய்யப்பட்டது என்று நிர்ணயம் செய்வதையே ஒரு வித்தையாகப் பயில்கிறவர்கள் இன்று பல தேசங்களிலும் இருக்கிறார்கள் என்பதும் முதல்முறை கேட்கிறவர்களுக்கு விநோதமாகவே படும். எலெக்ட்ரிக் கிதார் வாசிப்பவர்கள் இதை ஃபஸ் பெடல் என்கிறார்கள்.

பிசிறு நமக்கு முற்றும் ஆகாதது என்றும் சொல்வதற்கில்லை. தம்பூராவின் குதிரை மேல் தந்திக்கடியில் ஒரு நூலிழையைச் செருகி, அதைக் கடுகளவு முன்னும் பின்னும் நகர்த்தி, ஒரு ரீங்காரத்தை எழுப்பி, அதற்கு 'ஜீவா' என்று பெயரும் வைத்தவர்கள்தாமே நாம்? நூலிழை நயமாகச் செய்கிற காரியத்தை டிரான்சிஸ்டர் முரட்டுத்தனமாகச் செய்கிறது. தந்தியின் அதிர்வு மின்சார அலையாக மாறி வருகையில், டிரான்சிஸ்டர் கொள்ளும் அளவுக்கு மீறி அதைப் பெருக்கினால் அலையின் சிகரங்கள் வெட்டுண்டு, குன்று போல் வளைந்திருந்தது மதில் போல் தட்டையாகிவிடும். தட்டையான அலையில் மூல சுரத்தோடு அதன் மேல் எழும் அநுசுரங்கள் பலவும் சேர்ந்து ஒலிப்பதால் கிதாரின் நாதம் கரகரத்துத் தடிக்கிறது. மீட்டிய மாத்திரத்தில் தேயத் தொடங்கவேண்டிய ஒலி, வில்லால் இழுத்த பிடில் நாதத்தைப் போல் நீண்டு நிற்கிறது.

இந்த நாதம் முதன்முதல் யாருடைய சங்கல்பத்தாலும் பிறந்ததன்று, கோளாறில் பிறந்தது. 1951-இல் மெம்பிஸ் நகரத்தில் 'ராக்கெட் 88' என்ற பாட்டைப் பதிவு செய்ய வந்த குழுவினரின் ஒலிபெருக்கி வழியில் சேதமாகிவிட, பதிவாளர் ஸாம் பிலிப்ஸ் கிழிந்த ஸ்பீக்கருக்குள் காகிதத்தைத் திணித்து வேலையை முடித்தார். சில ஆண்டுகள் கழித்து லிங்க் ரே என்பவர் தம் ஸ்பீக்கரைத் தாமே துளைத்துக்கொண்டார். ஆனால் பெட்டிகளின் சரித்திரம் தொடங்குவது நாஷ்வில் நகரத்தில். அங்கே குவான்செட் ஹட் ஸ்டூடியோவில் மார்ட்டி ராபின்ஸ் 'டோன்ட் வொரி' என்ற பாட்டைப் பாட, கிரேடி மார்ட்டின் ஆறு தந்தி பேஸ் கிதார் வாசித்துக்கொண்டிருந்தபோது, ஒலிக் கட்டுப்பாட்டு மேசையில் ஒரு டிரான்ஸ்பார்மர் கெட்டுப்போய், கிதாரின் நாதம் ஏதோ ஒரு பிராணியின் உறுமலாக வெளிவந்தது. அதைத் திருத்தி மறுபடி பதிவு செய்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அப்படியே விட்டுவைத்தார்கள், 1961-இல் வெளியான அந்தப் பாட்டு கிராமியப் பாட்டுகளின் வரிசையில் முதலிடம் பெற்றது.

அன்று பதிவாளராக இருந்த கிளென் ஸ்னாடி, கெட்டுப்போன மேசையை மட்டும் நம்பிக்கொண்டிருக்க முடியாது என்று கண்டு, ரெவிஸ் ஹாப்ஸ் என்ற ரேடியோ என்ஜினீயரோடு சேர்ந்து, அதே கோளாறை டிரான்சிஸ்டர்களைக் கொண்டு நினைத்தபோது உண்டாக்கும் ஒரு சுற்றை அமைத்தார். கிப்ஸன் கம்பெனி அதை வாங்கி, 1962-இல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெயரில், பழுப்பு நிறத்தில் ஆப்பு வடிவமான ஒரு பெட்டியாக வெளியிட்டது. கம்பெனிக்கு அதன் குணம் இன்னதென்று விளங்கவில்லை என்பதே என் அபிப்பிராயம். ஏனெனில் விளம்பரத்துக்காக அவர்கள் வெளியிட்ட இசைத்தட்டு, இந்தப் பெட்டி இருந்தால் கிதாரில் டிரம்பெட், டிராம்போன், செல்லோ முதலியவற்றின் நாதத்தை எழுப்பலாம் என்று சொல்லிற்றே தவிர, கிதாருக்கே ஒரு புதுக் குரல் வந்திருக்கிறது என்று சொல்லவில்லை. முதல் ஆண்டில் ஐயாயிரத்துக்கு மேல் கடைகளுக்கு அனுப்பினார்கள். கடைக்காரர்கள் அவற்றை அலமாரியில் அடுக்கித் தூசு தட்டிக்கொண்டிருந்தார்கள்.

நிலைமையை மாற்றியது 1965. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ், 'சாடிஸ்ஃபேக்ஷன்' என்ற பாட்டில் பின்னால் ஊதுகுழல்கள் வாசிக்கவேண்டிய பகுதியைத் தற்காலிகமாகக் குறித்து வைப்பதற்கென்றே இந்தப் பெட்டியை மிதித்து வாசித்தார். அவருக்கு அதை அப்படியே வெளியிட இஷ்டமில்லை. மற்றவர்கள் இசைந்து வெளியிட்டுவிட்டார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் மேஸ்ட்ரோ பெட்டிகள் கையிருப்பு இல்லாமல் விற்றுத் தீர்ந்தன. அதே ஆண்டில் லண்டனில் யார்ட்பேர்ட்ஸ் குழுவினர் ஒரு பாட்டுக்காக ஸிதார் வித்வான் ஒருவரை ஸ்டூடியோவுக்கு வரவழைத்து வாசிக்கச் செய்தும், நினைத்த வேகம் அதில் வராமற்போக, ஜெஃப் பெக் என்ற இளைஞர் ஸிதாரின் ரீங்காரத்தைப் பிசிறிட்ட கிதாரிலேயே வாசித்துக் காட்டினார். வெளியான இசைத்தட்டில் நிலைத்தது அவருடைய வாசிப்பே. நம் வாத்தியத்தின் ரீங்காரமும் அவர்கள் பெட்டியின் பிசிறும் ஒரே வாசலில் சந்தித்த சம்பவம் அது.

இங்கிலாந்தில் மேஸ்ட்ரோவைப் பார்த்து முதலில் செய்தவர் கேரி ஹர்ஸ்ட். ஜேம்ஸ் பாண்ட் படத்தின் தலைப்பு இசையில் கிதார் வாசித்த விக் ஃபிளிக், தம் மேஸ்ட்ரோவை அவரிடம் கொண்டுவந்து, நாதம் இன்னும் சற்று நீண்டு நிற்கும்படி செய்யமுடியுமா என்று கேட்டதிலிருந்து 1965-இல் டோன் பெண்டர் பிறந்தது. தொடக்கத்தில் சிலவற்றுக்கு மரப்பெட்டி; பிறகு தகடு. முதல் வகையில் மூன்று டிரான்சிஸ்டர்கள். 1966-இல் இரண்டே டிரான்சிஸ்டர்கள் கொண்ட ஒரு வகை. அதே ஆண்டிலேயே மறுபடியும் மூன்று கொண்ட வேறொரு வகை. இதில் ஒரு விசேஷம் உண்டு. மூன்றாவதாகச் சொன்ன வகையின் ஆரம்பப் பிரதிகள் சிலவற்றைத் திறந்து பார்த்தால், இரண்டு டிரான்சிஸ்டர்களுக்கென்று செய்த பழைய பலகையே உள்ளே இருக்கும்; மூன்றாவது டிரான்சிஸ்டர் அதில் இடமில்லாத இடத்தில், கூட்டமான பஸ்ஸில் கடைசியாக ஏறியவனைப் போல் ஒட்டிக்கொண்டிருக்கும். பழைய பலகைகள் மிச்சமிருந்தன, எறிய மனமில்லை, அவ்வளவுதான். போதாததற்கு, இதே பட்டறையில் செய்த பெட்டிகள் மார்ஷல் என்றும் ரோட்டோசவுண்ட் என்றும் வேறு பெயர்களைச் சூடிக்கொண்டு வெளியேறின. வாக்ஸ் என்ற பெயரில் இத்தாலியில் செய்யப்பட்ட டோன் பெண்டரோ பெயரளவில் உறவினன், உள்ளே வேறொருவன்.

ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் பட்ட பாடு இங்கேதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. ஒரே நூலுக்கு ஊருக்கு ஒரு பிரதி. ஒவ்வொரு பிரதியிலும் எழுதினவனுடைய கைப்பழக்கம், ஓலையின் நீளம், மூலத்தில் செல்லரித்த இடம் இவற்றுக்கேற்ப ஒரு பாடபேதம். உ. வே. சாமிநாதையரவர்கள் சுவடிகளை ஒப்பிட்டுப் பார்த்துப் பேதங்களைக் குறித்து வைத்ததற்கும், பிசிறுப் பெட்டிகளைச் சேகரிக்கிறவர்கள் திருகுகளைக் கழற்றி உள்ளே கிடப்பதைப் படம் பிடித்து வைப்பதற்கும் பெருமையில் ஏற்றத்தாழ்வு இருக்கலாம். முறையில் அதிக வேற்றுமை இல்லை.

ஃபஸ் ஃபேஸ் என்ற பெட்டியை எடுத்துக்கொள்வோம். லண்டனில் ஐவர் ஆர்பிட்டரின் கம்பெனி 1966-இல் வெளியிட்டது. மைக் நிற்கும் வட்டமான அடித்தட்டைப் பார்த்து அதன் உருவம் வகுக்கப்பட்டது என்பார்கள். ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் காலடியில் இருந்ததால் உலகப் பிரசித்தி பெற்றது. அதன் உள்ளே இருப்பவை மொத்தம் 11 உறுப்புகள்: இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கபாசிட்டர், திருகுவதற்கு இரண்டு பொட்டென்ஷியோமீட்டர். இவ்வளவு எளிய சுற்றில் பேதம் எங்கிருந்து வரும் என்று கேட்கத் தோன்றும். உறுப்புகள் குறைவாக இருப்பதனால்தான் ஒவ்வொன்றின் சுபாவமும் ஒளிந்துகொள்ள இடமின்றி வெளிப்படுகிறது. ஆரம்பத்தில் இட்ட டிரான்சிஸ்டர்கள், என்.கே.டி. 275 என்றும் ஏ.சி. 128 என்றும் எண் பெற்றவை, ஜெர்மானியத்தால் ஆனவை. நம் நாட்டில் டிரான்சிஸ்டர் என்றாலே கையில் தூக்கிச் செல்லும் ரேடியோ என்று பொருளாகியிருந்த காலத்தில் அந்த ரேடியோக்களுக்குள் இருந்தவையும் இந்த ஜாதிதான். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களைச் செய்துவந்தது. ஒரே அச்சில் வார்த்தாற்போல் தோன்றினாலும் அவற்றில் ஒன்று 60 மடங்கு பெருக்கும், பக்கத்தில் இருப்பது 120 மடங்கு பெருக்கும். வெயில் ஏறினால் மின்சாரம் கசிந்து, காலையில் இனித்த பெட்டி மாலையில் மேடை விளக்கின் கீழ் கட்டைக்குரலில் இருமும். ரேடியோவில் இந்தத் தோஷத்தைச் சரிக்கட்ட வேறு உறுப்புகள் உண்டு. ஃபஸ் ஃபேஸில் இல்லை. ஆகவே ஒரே நாளில் ஒரே மேசையில் செய்த இரண்டு பெட்டிகள் ஒன்றுபோல் ஒலிப்பது அதிர்ஷ்டம்.

பிறகு ஸிலிக்கன் டிரான்சிஸ்டர்கள் வந்தன. பி.சி. 108, பி.சி. 109, பி.சி. 183 முதலிய அவை வெப்பத்துக்கு அஞ்சாதவை, பெருக்கம் மிகுந்தவை. நாதமும் அதற்கேற்பக் கூர்மையும் கடுமையும் பெற்றது. வெளியே அதே வட்டமுகம், அதே புன்னகை. திறக்காமலே பேதம் அறிய ஒரு வழி, பாட்டரியின் எந்த முனை பெட்டியின் உடலோடு சேர்ந்திருக்கிறது என்று சோதிப்பது: பெரும்பாலும் ஜெர்மானியத்தில் நேர்முனை, ஸிலிக்கனில் எதிர்முனை. முகத்தில் வட்டமாகப் பொறித்த எழுத்தும் உதவும். ஆர்பிட்டர் என்று மட்டும் இருந்தால் ஆரம்ப காலத்தது, டல்லாஸ்-ஆர்பிட்டர் என்று இருந்தால் அதற்குப் பிந்தியது.

நியூயார்க்கின் பிக் மஃப் இதைவிடச் சிக்கலான கிரந்தம். எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் கம்பெனியின் மைக் மாத்யூஸ், பெல் ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த பாப் மையர் என்ற நண்பரின் துணையோடு செய்தது. நான்கு டிரான்சிஸ்டர்கள், அலையை வெட்டுவதற்கென்றே டயோடுகள். முதல் வகையில் மூன்று திருகுகள் முக்கோணமாக நிற்பதால் அதற்கு 'முக்கோணம்' என்றும், 1973-ஐ ஒட்டி வந்த அடுத்த வகையின் மூலையில் ஒரு சிறு முகம் அச்சிட்டிருப்பதால் அதற்கு 'ஆட்டுக்கிடாத் தலை' என்றும் பெயர். இவை கம்பெனி இட்ட பெயர்கள் அல்ல, சேகரிப்பவர்கள் இட்டவை. உற்றுப் பார்த்தால் அது ஆடே அல்ல, கேசம் பறக்கும் ஒரு மனித முகம். 1970-களின் இறுதியில் டிரான்சிஸ்டர்களையே நீக்கிவிட்டு ஐ.சி.யைக் கொண்டு செய்த ஒரு வகையும் அதே பெயரில் வெளிவந்து, பல ஆண்டு மதிப்பாரற்றுக் கிடந்து, ஸ்மாஷிங் பம்ப்கின்ஸ் குழுவின் 1993-ஆம் ஆண்டு இசைத்தட்டுக்குப் பின் தேடப்படும் பொருளாயிற்று. கம்பெனி நொடித்து மீண்டபின் ருஷியாவில் செய்தவை இன்னொரு வமிசம். இவை ஒவ்வொன்றுக்குள்ளும் ரெசிஸ்டர், கபாசிட்டர் அளவுகள் நிலைத்து நின்றதில்லை. அன்று கிடங்கில் எது இருந்ததோ அது உள்ளே போயிற்று.

காலத்தை நிர்ணயிக்க வர்ணத்தை நம்பக்கூடாது; பூசிவிடலாம். அமெரிக்கப் பெட்டியானால் பொட்டென்ஷியோமீட்டரின் முதுகைப் பார்க்கவேண்டும். 1377328 என்று முத்திரை இருந்தால், 137 என்பது ஸி.டி.எஸ். என்ற உற்பத்தியாளரின் அடையாளம், 73 ஆண்டு, 28 அந்த ஆண்டின் வாரம். 304 என்று தொடங்கினால் ஸ்டாக்போல். ஆனால் இது ஒரு புறத்து எல்லையைத்தான் காட்டும். புதைகுழியில் கிடைத்த காசு, குழி அந்தக் காசுக்கு முந்தியதல்ல என்று மட்டும் சொல்வதைப் போல, பெட்டி 1973-இன் நடுவுக்கு முந்தியதல்ல என்று சொல்லலாம். மொத்தமாக வாங்கிய சரக்கு இரண்டு மூன்று ஆண்டு கிடங்கில் தூங்கியிருக்கலாம். ஆங்கிலேயப் பெட்டிகள் பலவற்றில் முல்லார்டு கம்பெனியின் கபாசிட்டர்கள் வண்ணமீன்களைப் போல் பட்டை பட்டையாக இருக்கும். அவற்றின் வரிசையும் ஒரு சாட்சி. எல்லாவற்றையும்விடப் பெரிய சாட்சி ஈயப்பற்று. நாற்பது ஐம்பது ஆண்டு மங்கிய ஈயத்தின் நடுவே ஒரே ஒரு புள்ளி பளபளத்தால், அங்கே இடைச்செருகல் நடந்திருக்கிறது.

இடைச்செருகலில் நல்லெண்ணத்தோடு செய்தது உண்டு, மோசடியும் உண்டு. விலை ஏறியபிறகு, வேறு ஏதோ டிரான்சிஸ்டரின் தலையில் பழைய எண்ணை அச்சிட்டு விற்பவர்கள் கிளம்பிவிட்டார்கள். இவர்களைவிட அதிக நஷ்டம் விளைவித்தவர்கள், நாதம் சரியில்லை என்று நல்ல மனத்தோடு மூல உறுப்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் பொருத்திய ரிப்பேர்காரர்களே என்பது என் கட்சி. போலியை ஒப்பிட்டுக் கண்டுபிடித்துவிடலாம். எறிந்ததை எதனோடு ஒப்பிடுவது?

ஆகையால் இப்படி ஒரு பழைய பெட்டி யார் கைக்காவது வந்தால், முதலில் பாட்டரியைக் கழற்றுங்கள். அது கசிந்து அரித்த பலகைகள் அநேகம். திறந்தவுடன், எதையும் தொடுவதற்கு முன், உள்ளிருப்பதைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். ரிப்பேர் செய்தே ஆகவேண்டும் என்றால் செய்யுங்கள்; ஆனால் எடுத்த உறுப்பை எறியாமல், தேதி எழுதிய ஒரு சிறு உறையிலிட்டு, அந்தப் பெட்டிக்குள்ளேயே வைத்து மூடிவிடுங்கள்.