டிரம் பிரேக் சீரமைப்பி
டிரம் பிரேக் சீரமைப்பி என்பது பிரேக் ஷூக்களுக்கும் டிரம்முக்கும் இடையிலுள்ள இடைவெளியைக் கட்டுப்படுத்தும் திருகமைப்பு ஆகும். இதன் பற்களுள்ள பகுதி நட்சத்திரச் சக்கரம் எனப்படும். அமெரிக்கப் பிக்கப் டிரக்குகள் பலவற்றின் பின்சக்கரங்களில், வண்டி பின்னோக்கிச் செல்கையில் பிரேக்கை மிதிக்கும்போது ஒரு நெம்புகோல் இச்சக்கரத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பி, லைனிங் தேய்வதால் கூடும் இடைவெளியை ஈடுசெய்கிறது.

சீரமைப்பி அளவு மீறி இறுகினால் ஷூக்கள் ஓயாமல் உரசி டிரம் சூடேறும். வெப்பம் மிகுந்தால் பிரேக் திரவம் கொதித்து, மிதி பயனற்றுப் போகவும் கூடும். இந்நிலையில் டிரம்மைச் சுத்தியலால் அடித்துக் கழற்ற முயல்வது பெரும்பாலும் வீண்.

தளர்த்துவது இறுக்குவதைவிடக் கடினம். நெம்புகோல் நட்சத்திரச் சக்கரத்தை எதிர்த்திசையில் சுழல விடாது. முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கைப்பிரேக்கை விடுவித்து, பின்புறத்தைத் தூக்கித் தாங்கிகளில் நிறுத்த வேண்டும். பின்னர், பின்தகட்டின் துளை வழியே மெல்லிய திருப்புளியால் நெம்புகோலை விலக்கிப் பிடித்து, மற்றொன்றால் பற்களை ஒவ்வொன்றாகப் பின்னோக்கித் தள்ளுவர். வண்டிச்சக்கரம் கையால் எளிதில் சுழன்று, லேசான உரசல் மட்டும் கேட்பது போதுமான தளர்வாகும்.

இடது, வலது சீரமைப்பிகளின் மரைகள் பொதுவாக எதிரெதிரானவை. மாற்றிப் பூட்டினால் தானாக இறுக வேண்டியது தானாகத் தளரும். பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கக்கூடும் என்பதால் டிரம்மினுள் படிந்த தூசியை ஊதலாகாது.