மானிப்பாய் வைத்தியர் கிறீன்

அமெரிக்க மிசனைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் நமது வட்டாரங்களிலே இரண்டு குரல்களைத்தான் நாம் கேட்கின்றோம். கல்வியும் மருந்தும் தந்த புண்ணியவான்கள் என்று கைகூப்பும் குரல் ஒன்று. மதமாற்ற வலை விரித்த அந்நியர் என்று ஒதுக்கித்தள்ளும் குரல் மற்றொன்று. வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீனின் வாழ்வை ஆராயப் புகுவோர்க்கு இவ்விரண்டுமே போதா.

1822ஆம் ஆண்டு ஒக்டோபரில் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிலே பிறந்தவர் கிறீன். அதே ஆண்டு டிசெம்பரில் நல்லூரிலே ஆறுமுக நாவலர் பிறந்தார். 1847இல், இருபத்தைந்து வயதிலே, கிறீன் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு மானிப்பாயில் அவர் நிலைகொண்டபோது, பேர்சிவல் பாதிரியாரிடம் பணியாற்றிய நாவலர் அப்பணியைத் துறந்து சைவத்தின் காவலராகப் புறப்பட்டார். எதிரெதிர் முகாம்களிலே நின்ற ஒரே வயதினரான இவ்விருவரும் தமிழ் உரைநடைக்கு உழைத்தவர்கள் என்பது நம் இலக்கிய வரலாற்றாசிரியர்கள் போதிய அளவு கவனியாத செய்தி.

கிறீன் முதல் மிசன் வைத்தியர் அல்லர். ஸ்கடர் என்பவர் அவருக்கு முன்னரே பண்டத்தரிப்பில் வைத்தியம் செய்தவர். நோய் தீர்ப்பது வேதம் சொல்வதற்கு வாசலாகும் என்பதே இவர்கள் எல்லோருடைய எண்ணமும். மானிப்பாயிலும் மருந்துக்கு வந்தவர்கள் வேத வாசிப்பையும் செபத்தையும் கேட்க நேர்ந்தது. இதனை மறைத்து கிறீனை வெறும் மனிதாபிமானியாகக் காட்டுவது வரலாற்றுக்கும் நேர்மையன்று, அவருக்கும் நேர்மையன்று. தம் கைத்திறன் முழுவதும் தம் ஆண்டவருக்குரிய காணிக்கை என்றே அவர் கருதினார். அந்தக் காணிக்கை எவ்வுருவம் எடுத்தது என்பதே நமது கேள்வி.

1848 முதல் அவர் சில இளைஞருக்கு வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். கல்வி ஆங்கிலத்திலேயே நடந்தது. மாணவரிற் பலர் வட்டுக்கோட்டைச் செமினறியின் வழிவந்தவர்கள். படிப்புக்குப் பணம் உதவிய அமெரிக்கரின் பெயரை மாணவனுக்குச் சூட்டும் வழக்கம் அங்கு இருந்தது. கிறீனின் முதன்மையான மாணவர்களும் துணைவர்களுமான சப்மன் வைத்திலிங்கம், டான்போத் ஆகியோரின் பெயர்கள் அவ்வழக்கத்தை நமக்கு நினைவூட்டுகின்றன. உபகாரம் பெற்றவன் தன் பெயரையே இழக்க வேண்டியிருந்த இவ்வேற்பாட்டை இன்று எண்ணினும் நம் மனம் கூசுகின்றது. எனினும் இந்த மிசனுக்குள்ளேயே, கிறிஸ்தவனாவதற்குத் தமிழன் தன் உடையையும் நடையையும் மாற்றி ஆங்கிலேயனாக வேண்டியதில்லை என்று வற்புறுத்தியவர் கிறீன்.

ஆங்கிலத்திற் கற்றுத் தேறியவர்கள் அரசாங்க உத்தியோகமும் சம்பளமும் தேடி வெளியிடங்களுக்குச் சென்றனர். கிராமத்து நோயாளி முன்போலவே கைவிடப்பட்டான். தம் உழைப்பு ஊருக்குப் பயன்படாமல் ஒரு சிறு கூட்டத்தின் ஏணியாக மாறுவதைக் கிறீன் கண்டார். 1864இல் ஒரு முடிவுக்கு வந்தார்: இனி மேலைத்தேய வைத்தியம் தமிழிலேயே கற்பிக்கப்படும். தமிழிற் கற்றவன் தமிழ் மக்களிடையே தங்குவான் என்பது அவருடைய கணக்கு.

முடிவு எளிது, நூல்கள் எங்கே? அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம் ஆகியவற்றை எடுத்துரைக்கும் கட்டரின் நூலையும் ஒரு பிரசவ நூலையும் 1850களிலேயே அவர் தமிழாக்கியிருந்தார். உடலமைப்பும் உடற்தொழிலும் சுகாதாரமும் இவ்வாறு பெயர் பெற்றன. (கேசாதிபாதம் படித்துப் பழகிய செவிக்கு ‘அங்காதிபாதம்’ என்னும் சொல் எவ்வளவு இயல்பாக ஒலித்திருக்கும்!) பின்னர் 1867இல் ‘இரணவைத்தியம்’ வந்தது. 1872இல் கிறேயின் பெருநூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ ஆயிற்று. ‘வைத்தியாகரம்’ என்னும் நூலும் அதே ஆண்டில் வெளிவந்தது. 1875இல் ‘கெமிஸ்தம்’. சில மானிப்பாயிலும் சில நாகர்கோயிலிலும் அச்சேறின. எல்லாவற்றையும் சேர்த்தால் 4,000 பக்கங்களுக்கு மேல். இது தனி மனிதரின் சாதனையன்று. சப்மனும் டான்போத்தும் பிற மாணவரும் மொழிபெயர்க்க, கிறீன் திருத்தியும் ஒழுங்குபடுத்தியும் முடித்தார். முகப்பில் அவர் பெயர் பெரிதாக நிற்பதால், அந்த மாணவர் உழைப்பை நாமும் சிறிதாக எண்ணிவிடலாகாது.

கலைச்சொல்லாக்கத்தில் அவர் வகுத்த முறை இன்றைய ஆசிரியர்களும் நின்று கவனிக்கத்தக்கது. முதலில் தமிழிலே தேடுதல். அங்கு கிடையாவிடின் வடமொழியை நாடுதல். அதுவும் பயன்படாவிடின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு இசைத்து எழுதுதல். ‘கெமிஸ்தம்’ என்ற தலைப்பே மூன்றாம் வழியின் பிள்ளை. அவருடைய சொற்களிற் பல இன்று வழக்கொழிந்தன. வடமொழிச் சுமை மிகுதி என்று குறைகூறுவோர் கூற்றிலும் உண்மையுண்டு. ஆனால் சொல் இல்லை என்று சொல்லிக் கைகட்டி நிற்காமல், சொற்பட்டியல்களையும் தொகுத்து அச்சிட்டு வைத்தாரே, அதனை நாம் எளிதாகக் கடந்துபோக முடியாது.

‘மனுஷ அங்காதிபாதம்’ வெளிவந்த அதே 1872இலேதான் யாழ்ப்பாணக் கல்லூரியும் வட்டுக்கோட்டையிலே தோன்றியது. 1855இல் செமினறி மூடப்பட்டது முதல் ஆங்கில உயர்கல்வி வேண்டும் என்று ஓயாது கேட்டுநின்றவர்கள் நம்மவரே. அவர்களைக் குறைகூறுவதும் எளிதன்று. குடியேற்ற ஆட்சியிலே ஆங்கிலந்தான் சோறு. சோற்றுக்கு வழிகாட்டாத தாய்மொழிக் கல்வியை ஏழைக்கு மட்டும் நீட்டுவது ஒருவகை வஞ்சனையாகாதா என்று அன்றைய ஒரு தகப்பன் கேட்டிருப்பின், கிறீனிடம் முழுமையான விடை இருந்திராது. கொழும்பிலே 1870இல் திறக்கப்பட்ட வைத்தியப் பள்ளி ஆங்கிலத்திலேயே கற்பித்தது. அரசாங்கப் பதவி அங்கிருந்தே கிடைத்தது. 1873இல் உடல் நலிந்து கிறீன் நாடு திரும்பினார். மானிப்பாய்த் தமிழ் வகுப்பு அவருக்குப் பின் நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1956க்குப் பின் நம் பள்ளிகளில் விஞ்ஞானம் தாய்மொழிக்கு வந்தது. 1978இல் யாழ்ப்பாணத்திலேயே மருத்துவபீடம் தொடங்கியபோதும் அங்கு போதனாமொழி ஆங்கிலமாகவே இருந்தது. கிறீனின் நூல்கள் நூலக அலுமாரிகளுக்குச் சென்றன. பழுது நூல்களிலன்று, படித்தவனுக்குப் பதவி தரும் அதிகாரம் வேறு மொழியிற் பேசியது.

நாடு திரும்பியவர் ஓய்ந்திருக்கவில்லை. ‘கெமிஸ்தம்’ அவர் சென்ற பின் வெளிவந்தது. ‘மனுஷ சுகரணம்’ 1883இல். தாள்கள் கடல் கடந்து வூஸ்ரர் செல்வதும், திருத்தம் பெற்று மீளுவதுமாக ஆண்டுகள் கழிந்தன. அவருடைய அண்ணன் அண்ட்ரூ கிறீன் நியூயோர்க் நகரின் பெரும் பூங்காவையும் நகர விரிவையும் ஆக்கியோருள் ஒருவர். அவர் பெயர் அந்நாட்டு வரலாற்றிலே இடம்பெற்றது. தம்பியோ, தம் அயலவர் எவரும் வாசிக்க முடியாத எழுத்திலே, தாம் மீண்டும் காணப்போகாத மாணவருக்காக, எலும்புகளுக்கும் நரம்புகளுக்கும் பெயர் தேடிக்கொண்டிருந்தார். 1884 மே மாதம் அவர் இறந்தார். தமிழருக்கு மருத்துவ ஊழியராய் இருந்தவர் என்று கல்லறையிலே பொறிக்குமாறு அவர் கேட்டிருந்தார்.