முதலில் பெயின்றா, நிலமா? பாதியில் நிற்கும் வீட்டை முடிப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

மீள்குடியேறிய பிரதேசங்களில் ஒரு வீடு ஒரே தடவையில் கட்டி முடிக்கப்படுவது குறைவு. 2012 ஒக்ரோபரில் வடக்கு, கிழக்கில் விரிவாக்கப்பட்ட இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா கட்டம் கட்டமாக வழங்கப்பட்டது. அந்தப் பணத்தில் சுவரும் கூரையும் எழுந்தாலும், பூச்சும் நிலமும் பெயின்றும் பல வீடுகளில் பின்னுக்குத் தள்ளப்பட்டன. சீட்டுக்காசு, வெளிநாட்டு உறவுகள் அனுப்பும் பணம், நகை அடகு என்று கிடைக்கிற நேரத்தில்தான் மிச்ச வேலை நடக்கிறது.

கட்டட வேலைகளை மேற்பார்வை செய்பவன் என்ற முறையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி, "முதல்ல பெயின்ற் அடிக்கிறதோ, மாபிள் பதிக்கிறதோ?" என்பதுதான். சுருக்கமான பதில்: சுவரின் அடிவேலை முதலில், நிலம் அடுத்து, பெயின்றின் கடைசிப் பூச்சு இறுதியில்.

ஏன் இந்த ஒழுங்கு?

சுவரைச் சாண்ட் பேப்பரால் தேய்க்கும்போது தூள் கொட்டும். பட்டி வைக்கும்போதும் பிறைமர் அடிக்கும்போதும் துளி விழும். புதிய நிலத்தில் இவை விழுந்தால் மாபிள் இடுக்குகளில் ஏறிவிடும். சீமெந்து நிலமென்றால் கறை ஊறிவிடும்.

மறுபுறம், நிலவேலையும் சுவரைப் பழுதாக்கும். மாபிள் வெட்டும் இயந்திரத்தின் தூசி அறை முழுவதும் படியும். சீமெந்துக் கலவை சுவரின் அடியில் தெறிக்கும். சீமெந்து நிலத்தை ஒரு கிழமையாவது நனைத்து வைக்க வேண்டும். அந்த ஈரம் சுவரின் அடிப்பகுதியிலும் ஏறும். கடைசிப் பூச்சை முன்னரே அடித்திருந்தால், அதே சுவருக்கு இரண்டாவது தடவை செலவழிக்க நேரிடும்.

பத்தடிக்குப் பத்தடி அறையில், சுவர் பத்தடி உயரமென்றால், கதவும் யன்னலும் போக ஏறத்தாழ 360 சதுர அடி வரும். ஒரு லீற்றர் எமல்ஷன் 100 சதுர அடி அளவில் பிடிக்கும் என்று கணக்கிட்டால், ஒரு பூச்சுக்கே நான்கு லீற்றர் வாளி ஒன்று தேவை. ஒழுங்கு பிழைத்தால் அந்த வாளியோடு பெயின்ற்காரரின் கூலியும் வீண்.

வேலை ஒழுங்கு

1. மறையப்போகும் வேலைகள் முதலில்: வயர் குழாய், தண்ணீர்க் குழாய், கறையான் மருந்து, நிலத்தடி பொலித்தீன் விரிப்பு. கறையான் உள்ள காணிகளில் நிலம் போட்ட பிறகு மருந்து அடிப்பது செலவு கூடிய வேலை.

2. சுவர்ப் பூச்சு. முடிந்ததும் ஏழு நாட்கள் தண்ணீர் விட்டு, பின்னர் குறைந்தது நான்கு கிழமை காயவிட வேண்டும்.

3. பட்டி, சாண்ட் பேப்பர், பிறைமர். கூரைத்தட்டு இருந்தால் அதன் பெயின்றையும் இப்போதே முடிக்கலாம். சுவரில் முதல் பூச்சும் அடிக்கலாம். ஆனால் சுவரடியில் மாபிள் பட்டி வரும் நான்கு முதல் ஆறு அங்குலத்தை வெறும் பூச்சாகவே விடுங்கள். பெயின்றின் மேல் சீமெந்து சரியாகப் பிடிக்காது. சில மாதங்களில் அந்தப் பட்டி கழன்றுவிடும்.

4. நிலம், பிறகு சுவரடிப் பட்டி. மாபிள் பதித்தால் ஒரு நாளாவது அதில் நடக்கக்கூடாது.

5. நிலம் காய்ந்ததும் பழைய சாக்கு அல்லது மட்டை விரித்து, பழுதுகளைத் திருத்திக் கடைசிப் பூச்சு. பொலித்தீனை மட்டும் விரித்தால் வழுக்கும்.

பணம் ஒன்றுக்குத்தான் போதுமென்றால்

நிலத்தைப் போடுங்கள் என்பதே எனது ஆலோசனை. பெயின்ற் இல்லாத சுவரோடு ஒரு குடும்பம் சில வருடங்கள் வாழலாம். மண் நிலத்தின் புழுதியும் மாரிகால ஈரமும் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் நோயைக் கொண்டுவரும். ஊன்றுகோல், சக்கர நாற்காலி, செயற்கைக் கால் பயன்படுத்துவோர் உள்ள வீட்டில் சமமான நிலம் அவர்களது நடமாட்டத்துக்கே அவசியம். அங்கே ஈரத்தில் வழுக்கும் பளபளப்பான மாபிளைத் தவிர்த்து, சொரசொரப்பானதையோ சாதாரண சீமெந்து நிலத்தையோ தெரிவு செய்யுங்கள்.

சுவரை வெறுமையாக விட மனமில்லாவிட்டால் சுண்ணாம்பு அடிக்கலாம். செலவு குறைவு, புதிய பூச்சையும் அது பாதிக்காது. ஆனால் பிற்காலத்தில் எமல்ஷன் அடிப்பதாயின் சுண்ணாம்பைச் சுரண்டி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பெயின்ற் செதிலாக உரியும்.

ஈரமும் உப்பும்

வடக்கு, கிழக்கில் ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை பெருமழைக் காலம். இந்த மாதங்களில் நான்கு கிழமைக் கணக்கை நம்ப வேண்டாம். ஒரு சாண் பொலித்தீன் துண்டைச் சுவரில் நான்கு பக்கமும் ஒட்டி, ஓரிரவு விட்டுப் பாருங்கள். உள்ளே நீர்த்துளி கோர்த்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை.

உவர்க் கிணற்று நீரில் குழைத்த பூச்சில் வெள்ளையாக உப்புப் பூக்கும். அதை உலர்ந்த தூரிகையால் தட்டி எடுத்து, மீண்டும் பூக்கிறதா என்று பார்த்த பிறகே பிறைமர் அடியுங்கள்.

போரில் சேதமான பழைய வீடுகள்

சன்னம் பட்ட குழிகளை மேலோட்டமாகப் பட்டியால் நிரப்பக்கூடாது. தளர்ந்த பூச்சைத் தட்டி எடுத்து, சீமெந்தால் அடைத்துக் காயவிட வேண்டும். பழைய இனாமல் பெயின்றில் ஈயம் இருக்கக்கூடும். அதை உலர்வாகத் தேய்க்காமல் நனைத்துத் தேய்த்து, குழந்தைகளை அப்பால் வைத்திருங்கள். பழைய நிலத்தைக் கிண்டும்போது சந்தேகமான உலோகப் பொருள் எதுவும் தென்பட்டால் தொடாமல் விலகி, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

கூலி பேசும்போது

மேசனும் பெயின்ற்காரரும் வெவ்வேறு ஆட்களாக இருந்தால், சுவரில் கீறல் விழுந்தபின் ஒருவர் மற்றவரைக் காட்டுவார். வேலை தொடங்க முன்னரே இருவரையும் ஒன்றாக இருத்தி, யார் எதுவரை செய்வது, தெறித்த சீமெந்தை யார் துடைப்பது, கடைசித் திருத்தம் யாருடையது என்று பேசி ஒரு தாளில் எழுதுங்கள். பெயின்ற்காரரின் கூலியில் ஒரு பங்கைக் கடைசிப் பூச்சு முடியும்வரை வைத்திருப்பது வழமைதான். அதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

மிஞ்சும் பெயின்றை இறுக மூடி, நிற இலக்கத்தை வாளியில் எழுதி வையுங்கள். அடுத்த அறைக்குப் பணம் சேரும் நாளில் அதே நிறத்தைக் கேட்டு வாங்க அது உதவும்.