நீர்த்தெளிப்பானும் உரிமச் சீட்டும்

சில ஆண்டுகளுக்கு முன், மும்பைப் புறநகரில் நான் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். காவலர் அறைச் சுவரில் கண்ணாடிச் சட்டமிட்ட தாள் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. கட்டடத்தின் தீத்தடுப்புச் சாதனங்கள் யாவும் செம்மையான நிலையில் உள்ளன என்று அது உறுதி கூறிற்று. முத்திரை இருந்தது, கையொப்பம் இருந்தது, தேதியும் புதியதே. எங்கள் மாடியில் வசித்த ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர், "சோதனைக் குழாயைத் திறந்துதான் பார்ப்போமே" என்றார். திறந்தோம். செங்காவி நிறத்தில் நாலு சொட்டு நீர் விழுந்தது. பிறகு வெறும் காற்று சீறிற்று. அடித்தள வண்டி நிறுத்துமிடத்தின் கூரையெங்கும் ஓடிய சிவப்புக் குழாய்களுக்குள் நீரே இல்லை. எத்தனை மாதங்களாக இல்லை என்பதை ஒருவராலும் கூற இயலவில்லை.

அன்று தீப்பிடிக்கவில்லை, ஆகவே இழப்பு ஏதுமில்லை. ஆயினும் அந்தத் தாளில் கையொப்பமிட்டவர் யார், அவ்வாறு கையொப்பமிடும் அதிகாரத்தை அவருக்கு வழங்கியது யார் என்ற கேள்வி என் மனத்தை விட்டு அகலவில்லை. அக்கேள்விக்கு விடை தேடப் புகுந்தால், அது நம்மை ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் பின்னோக்கி அழைத்துச் செல்கிறது.

பெரிய கடைகளிலும் அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் கூரையை அண்ணாந்து பார்த்தால், விரற்கடை அளவான உலோகக் குமிழ்கள் வரிசையாகத் தெரியும். தொழிலாளர் அதனை ஸ்பிரிங்க்ளர் என்பர்; நாம் நீர்த்தெளிப்பான் என்போம். அதன் நடுவே ஒரு சிறு கண்ணாடிக் குழல், அதற்குள் திரவம். சாதாரண இடங்களில் அத்திரவம் சிவப்பு நிறமாக இருக்கும், 68 டிகிரி செல்சியஸ் வெப்பம் எட்டியதும் விரிந்து கண்ணாடியை உடைக்கும், அடைப்பு விலகும், நீர் குடைபோல் விரிந்து கொட்டும். திரைப்படங்களில் காட்டுவதுபோல் எல்லாத் தெளிப்பான்களும் ஒருசேரப் பொழிவதில்லை. எந்தத் தெளிப்பானைச் சூடு எட்டுகிறதோ அது மட்டுமே திறக்கும். இவ்வளவு எளிய கருவிதான். ஆனால் அதன் பின்னால் குழாய், திறப்பு, நீரேற்றும் எந்திரம், நீர்த்தொட்டி என்ற சங்கிலி முழுவதும் கண்ணுக்கு மறைந்து கிடக்கிறது. அதில் ஒரு கண்ணி அற்றாலும் குமிழ் வெறும் அலங்காரப் பொருளே.

கூரையில் குழாயமைத்துத் தீயை அணைக்கும் எண்ணம் பழையது. 1812-ஆம் ஆண்டிலேயே லண்டனின் டுரூரி லேன் நாடக அரங்கில் துளையிட்ட குழாய்கள் பொருத்தப்பட்டன. ஆனால் தீயைக் கண்டவுடன் யாரேனும் ஓடிச் சென்று திறப்பைத் திருகவேண்டும். மனிதன் உறங்கும்போதும் தானே விழித்திருக்கும் கருவி, அமெரிக்க நாட்டின் கனெக்டிகட் மாநிலத்தில், நியூ ஹேவன் நகரில் பிறந்தது. அங்கே பியானோ செய்யும் தொழிற்சாலை நடத்திய ஹென்ரி பார்மலீ என்பவர் 1874-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். மரமும் மெருகெண்ணெயும் நிறைந்த தம் தொழிற்சாலையைக் காப்பதே அவர் நோக்கம். குறைந்த சூட்டில் உருகும் பற்றாசினால் மூடப்பட்ட பித்தளை மூடி அவருடைய கருவி. பின்னர் ரோட் ஐலண்டு மாநிலத்தைச் சேர்ந்த பிரெடரிக் கிரின்னெல் அதனைச் செம்மைப்படுத்தி, 1881-இல் தம் பெயரால் காப்புரிமை பெற்றார்.

கருவி பிறந்துவிட்டது; வாங்குவோர்தாம் இல்லை. ஹென்ரியின் சகோதரர் ஜார்ஜ் பார்மலீ அதனைக் கடல் கடந்து இங்கிலாந்துக்கு எடுத்துச் சென்றார். லங்காஷயர் மாவட்டத்துப் பருத்தி ஆலைகள் அந்நாளில் அடிக்கடி எரிந்தன. எண்ணெய் ஊறிய மரத்தளம், காற்றில் மிதக்கும் பஞ்சுத்தூசி, விளக்குச் சுடர் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூடினால் வேறென்ன நேரும்? அவ்வாறிருந்தும் ஆலை முதலாளிகள் அசையவில்லை. செலவிட்ட பணம் காப்பீட்டுக் கட்டணக் குறைப்பாகத் திரும்பி வந்தாலன்றி அவர்கள் பையை அவிழ்க்கமாட்டார்கள் என்பதை ஜார்ஜ் விரைவில் உணர்ந்தார். போல்ட்டன் நகரத்து ஆலையதிபரும், ஆலைகளின் பரஸ்பரக் காப்பீட்டுக் கம்பெனியின் இயக்குநருமான மேஜர் ஹெஸ்கெத் போன்ற மிகச் சிலரே அவருக்குச் செவிசாய்த்தனர். 1883-இல் மான்செஸ்டரின் மேதர் அண்டு பிளாட் நிறுவனம் கிரின்னெல் கருவியை விற்கும் உரிமையைப் பெற்றது. அதன் பின்னரே தொழில் வேரூன்றிற்று.

இங்கேதான் நம் கதையின் முதல் திருப்பம். கட்டணத்தைக் குறைப்பதற்கு முன் காப்பீட்டுக்காரர் ஒரு கேள்வி கேட்டார்: "குழாய் போட்டிருக்கிறீர்கள், சரி, ஒழுங்காகப் போட்டிருக்கிறீர்களா?" மான்செஸ்டரில் தீக்காப்பீட்டுக் கழகம் ஒன்றைச் சேர்ந்த ஜான் வார்மால்ட் 1885-இல் அதற்கென விதிகளை வகுத்தார். நீர்த்தெளிப்பான் அமைப்புக்கான முதல் விதித்தொகுப்பு அதுவே எனக் கருதப்படுகிறது. அமெரிக்காவிலோ நிலைமை விந்தையாயிருந்தது. பாஸ்டன் நகரைச் சுற்றி நூறு மைல் வட்டத்துக்குள்ளேயே குழாயின் விட்டத்துக்கும் தெளிப்பான்களின் இடைவெளிக்கும் ஒன்பது வெவ்வேறு அளவு முறைகள் வழங்கின. குழாய் குறுகினால் கடைசித் தெளிப்பானுக்கு நீர் எட்டாது. இடைவெளி கூடினால் நடுவிலுள்ள தீ தப்பிவிடும். எந்த முறையைப் பின்பற்றுவதென்று அறியாது குழாய்த் தொழிலாளர் திகைத்தனர். 1895-இல் சிலர் பாஸ்டனில் கூடி இக்குழப்பத்தைத் தீர்க்க முனைந்தனர். மறு ஆண்டே தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் தோன்றிற்று. இன்று உலகெங்கும் மேற்கோளாகக் கொள்ளப்படும் விதி நூல்களை வெளியிடும் அச்சங்கம், நீர்த்தெளிப்பான் குழாயின் அளவைப் பற்றிய ஒரு சச்சரவிலிருந்தே பிறந்தது.

இவ்வாறு பொருளுக்கு விதி வந்தது. ஆனால் விதியை நிறைவேற்றும் மனிதனுக்கு? நல்ல சமையற் குறிப்பு கையிலிருப்பதனாலேயே ஒருவன் சமையற்காரனாகிவிடுவதில்லை அல்லவா? 1911 மார்ச் 25-இல் நியூயார்க்கின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில், பெரும்பாலும் இளம்பெண்களான 146 தொழிலாளர் தீக்கிரையாயினர். அந்தக் கட்டடத்தில் நீர்த்தெளிப்பான் இல்லை. அதன் பின்னர் தொழிற்சாலைகளில் அதனைக் கட்டாயமாக்கும் சட்டங்கள் எழுந்தன. கட்டாயம் என்றானவுடன் வாங்குவோர் பெருகுவர்; வாங்குவோர் பெருகினால் அரைகுறைத் தொழிலாளரும் பெருகுவர். ஆகவே அமெரிக்க மாநிலங்கள் ஒவ்வொன்றாக, இத்தொழிலைச் செய்பவருக்கு உரிமம் வேண்டும் என விதித்தன. கலிபோர்னியா மாநிலத்தில் தீப்பாதுகாப்பு ஒப்பந்தக்காரர்க்குத் தனி உரிம வகையே உண்டு. அதனைப் பெற விரும்புபவர் நான்காண்டுத் தொழிலனுபவத்தை மெய்ப்பித்து, சட்டத்திலும் தொழிலிலும் இரு தேர்வுகளில் தேறவேண்டும். டெக்ஸஸ் மாநிலத்தில் ஒவ்வொரு நீர்த்தெளிப்பான் நிறுவனமும், உரிமம் பெற்ற பொறுப்பு மேலாளர் ஒருவரையேனும் முழுநேர ஊழியராக வைத்திருக்கவேண்டும். பிழை நேர்ந்தால் கம்பெனி என்ற பெயருக்குப் பின்னால் மறைய இயலாது. பொறுப்பேற்க ஒரு மனிதர் உண்டு.

இனி நம் நாட்டுக்கு வருவோம். லங்காஷயரைப் போலவே பம்பாயும் பஞ்சின் நகரம். அதன் முதல் நூற்பாலைக்கு 1854-இல் அடிகோலப்பட்டது. இங்கும் நீர்த்தெளிப்பானை வளர்த்தவை காப்பீட்டுக் கட்டணங்களே. 1968-இல் காப்பீட்டுச் சட்டம் திருத்தப்பட்டபோது டாரிஃப் ஆலோசனைக் குழு சட்டப்படி அமைந்தது. அது வகுத்த விதிகளின்படி நீர்த்தெளிப்பான் அமைத்த ஆலைக்கும் கிடங்குக்கும் தீக்காப்பீட்டுக் கட்டணத்தில் தள்ளுபடி உண்டு. தள்ளுபடி கேட்பவரின் குழாயை யாரேனும் வந்து பார்த்தாகவேண்டும்; ஆகவே வேலை ஓரளவு ஒழுங்காக நடந்தது. ஆனால் இது பண்டத்தைக் காத்த முறை. தள்ளுபடி வேண்டாதவனை அது தொடவில்லை. குடியிருப்பவனையும் நோயாளியையும் திரைப்படம் காண வந்தவனையும் அது நினைத்துப் பார்க்கவில்லை. 2007 ஜனவரி முதல் நாளோடு அந்தக் கட்டண விகிதக் கட்டுப்பாடும் நீங்கிற்று.

இதற்கிடையில் கட்டடங்கள் உயர்ந்துகொண்டே போயின. 1975-இல் சென்னை மவுண்ட் ரோட்டிலுள்ள எல்.ஐ.சி. கட்டடம் தீப்பற்றி எரிந்ததை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். தெருவில் நிற்கும் ஏணிக்கு எட்டாத உயரத்தில் கட்டடம் தன்னைத்தானே காத்துக்கொள்ள வேண்டும் என்பது அன்று தமிழகத்துக்குப் புரிந்தது. 1986 ஜனவரியில் தில்லியில் ஓர் ஓட்டல் எரிந்து 37 பேர் மாண்டனர். அவ்வாண்டே தில்லிக்குத் தனித் தீத்தடுப்புச் சட்டம் வந்தது. 1997 ஜூன் 13-இல் தில்லி உப்கார் திரையரங்கில் 59 உயிர்கள் போயின. தீயணைப்பு நம் அரசமைப்பில் நகராட்சிகளின் பொறுப்புகளுள் ஒன்றாக வைக்கப்பட்டிருப்பதால், மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறுபடுகிறது. 1970-இல் முதலில் வெளியான தேசியக் கட்டட விதித்தொகுப்பு வழிகாட்டுமேயன்றித் தானாகக் கட்டாயப்படுத்தாது. பிற மாநிலத்தில் வாழும் தமிழர் இதனைக் கருத்திற் கொள்ளவேண்டும். ஊரில் கண்ட நடைமுறையே குடியேறிய இடத்திலும் இருக்கும் என எண்ணலாகாது.

இங்கே ஓர் ஒப்பீடு மனத்தை உறுத்துகிறது. கொதிகலன்களுக்கு 1923-இலேயே நடுவணரசுச் சட்டம் வந்துவிட்டது. மின்கம்பி இழுக்கும் வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரே செய்யவேண்டும் என 1956-ஆம் ஆண்டு மின்சார விதிகள் கூறின. வயர்மேன் லைசென்ஸ் என்ற சொல் நம் சிற்றூர்களிலும் வழங்கியது. தீயை அணைக்கும் குழாயைப் பொருத்துபவருக்கு மட்டும் அத்தகைய உரிமம் நெடுங்காலம் கேட்கப்படவில்லை. காரணம் எளிது. மின்கம்பியைப் பிழையாக இழுத்தால் அன்றே விளக்கு எரியாது, அல்லது அதிர்ச்சி தாக்கும். நீர்த்தெளிப்பானைப் பிழையாகப் பொருத்தினால் ஒன்றுமே நிகழாது. தீப்பிடிக்கும் அந்த ஒரு நாள்வரையில் நல்ல வேலையும் போலி வேலையும் ஒரே சிவப்பு வண்ணத்தில் ஒன்றுபோலவே தோன்றும்.

இக்குறையைத் தீர்க்க மராட்டிய மாநிலம் 2006-ஆம் ஆண்டுத் தீத்தடுப்பு மற்றும் உயிர்ப்பாதுகாப்புச் சட்டத்தை இயற்றி, 2008-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதன் முறை கருதத் தக்கது. தீத்தடுப்பு ஏற்பாடுகளைச் செய்து பேணவேண்டிய கடமை கட்டட உரிமையாளருடையது, அல்லது குடியிருப்போருடையது. அவ்வேலையைச் செய்ய மாநிலத் தீயணைப்பு இயக்குநரிடம் உரிமம் பெற்ற முகமை வேண்டும். சாதனங்கள் நல்ல நிலையில் உள்ளன என்னும் சான்றிதழை, ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும் அம்முகமையிடம் பெற்று அளிக்கவேண்டும். உண்மையில் பேணப்படாததைப் பேணப்பட்டதாகச் சான்று தருவதைச் சட்டம் வெளிப்படையாகவே தடுக்கிறது; உரிமத்தைப் பறிக்கவும் இடம் வைத்திருக்கிறது.

சட்ட வாசகங்களைத் தமிழாக்குவதே தொழிலாகக் கொண்ட எனக்கு, உரிமம், சான்று என்ற இரு சொற்களின் வேறுபாடு எப்போதும் கவனத்துக்குரியது. உரிமம் என்பது அரசு ஒரு மனிதரைப் பற்றிச் சொல்வது: இவர் இத்தொழில் அறிந்தவர் என்று. சான்று என்பது அம்மனிதர் ஒரு பொருளைப் பற்றிச் சொல்வது: இதனை நான் கண்டேன், இது இயங்குகிறது என்று. முன்னது பொய்யாவது அரிது. பின்னது பொய்யாவது எளிது. எங்கள் கட்டடத்தில் தொங்கிய தாளில் உரிம எண் மெய்யாகவே இருந்தது. அந்த உரிமத்துக்குரியவரின் கால்கள்தாம் அடித்தளப் படியில் இறங்கவில்லை.

எனவே, நேயர்களே, உரிமம் உள்ளவரை அமர்த்துவது பாதிக் கடமையே. மறுபாதி, அவர் வரும் நாளில் நாமும் உடனிருப்பது. நீரேற்றும் எந்திரத்தை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். முதன்மைத் திறப்பு திறந்த நிலையில் இருக்கிறதா எனக் கேளுங்கள்; தெளிப்பான்கள் பயனற்றுப் போவதற்குப் பெரும்பாலும் காரணம், பழுதுபார்க்க மூடியவர்கள் மறுபடி திறக்க மறப்பதே. வண்ணம் பூசுவோர் குமிழ்களின் மீதும் தூரிகையை ஓட்டியிருந்தால் அவற்றை மாற்றச் சொல்லுங்கள். கடைசிக் குழாயின் சோதனைத் திறப்பிலிருந்து நீர் பாய்வதைக் கண்ணாரக் காணுங்கள்.

எங்கள் கட்டடத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முகமை மாற்றப்பட்டது. துருப்பிடித்த குழாய்களைக் களைந்து புதியன இட ஏறக்குறைய மூன்று மாதங்கள் பிடித்தன. செலவைப் பகிர்வதில் சச்சரவும் எழுந்தது. வேலை முடிந்த அன்று பொறியாளர் மறுபடியும் சோதனைக் குழாயைத் திறந்தார். நீர் பீறிட்டு எங்கள் கால்களையும் வேட்டிகளையும் நனைத்தது. ஒருவரும் விலகி நிற்கவில்லை.